பால் குடிக்கும்போது வியர்த்தால்

அன்பான நேயர்களே, வணக்கம். நான் பல வருடம் பச்சிளங்குழந்தைகள் வார்டில் தாதியாக இருந்தவள்.

பிறந்த பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை என்றதும் எங்கள் திருகோணமலை வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "கிரகணத்துக்கு வெளியில போனியா பிள்ளை?" என்பதுதான். கேட்பது பெரும்பாலும் மாமியார். கருவின் இதயம் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே உருவாகிவிடும். கர்ப்பம் என்று பலர் அறிவதே அந்த நாட்களில்தான். 100 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்குப் பிறவி இதயக் குறை உண்டு. கிரகணத்தை விடுவோம்.

அதிகம் காண்பது இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே உள்ள ஓட்டை. சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும். பெரியதுதான் ஆளை ஏமாற்றும். பிறந்த புதிதில் நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருப்பதால், ஓட்டை வழியாக அதிகம் இரத்தம் போகாது. பிள்ளை வடிவாகவே இருக்கும். வாரங்கள் போக அழுத்தம் குறையும், நுரையீரலுக்கு இரத்தம் அளவுக்கு மீறிப் பாயும், மூச்சு வாங்கத் தொடங்கும். "டொக்டர் சும்மா பயப்படுத்திப்போட்டார்" என்று கிளினிக்கை விடுவதும் இந்த இடைவெளியில்தான்.

அந்த நேரம் பால் குடிப்பதைக் கவனியுங்கள். நெற்றி வியர்க்கும். நாலு வாய் உறிஞ்சிக் களைத்துத் தூங்கும், கொஞ்சத்தில் பசியோடு எழும்பும். தாய்க்குப் பால் இல்லை என்பார்கள். பால் இருக்கிறது, உறிஞ்சத்தான் பிள்ளைக்குத் தெம்பில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். களைத்தால் பாலைப் பீய்ச்சி எடுத்துச் சின்னக் கோப்பையால் பருக்கலாம். எவ்வளவு என்பதை வார்டில் கேளுங்கள். நிறை ஏறுகிறதா என்பதை மிட்வைஃப் மிஸ் பதிவேட்டில் குறிப்பார். சத்திரசிகிச்சை எப்போது என்று முடிவெடுக்கும்போது டொக்டர்மார் பார்ப்பவற்றில் அந்த நிறைக் கோடும் ஒன்று.

மருந்து கொடுத்தால் சிறுநீர் கூடப் போகிறது என்று பயந்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பில் தேங்கும் மேலதிக நீர் அப்படிப் போகத்தான் அந்த மருந்தே!

கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பினால், அங்கே சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் தாய் அங்கே நிற்கும்போது மூத்த பிள்ளையை யார் பார்ப்பது? அதை இப்போதே பேசிவையுங்கள். மாமியாருக்கு அதில் நல்ல வேலை இருக்கிறது.

நாக்கு, உதடு நீலமானாலோ, தூக்கத்திலும் மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.