பரணிலிருந்து இறங்கிய தபால்தலை ஆல்பம்: பிரிப்பதற்கு முன் பாருங்கள்

[காட்சி: மேசையில் மூடிய பழைய ஆல்பம். அருகில் நூலால் கட்டிய கடித உறைகள்.]

பரணிலிருந்து இறக்கிய பெட்டிக்குள் ஒரு தபால்தலை ஆல்பம் கிடைத்திருக்கிறது. சேர்த்தவர் இன்று இல்லை. இதில் அபூர்வமானது எது, யாரிடம் கேட்பது என்ற தவிப்போடுதான் பலரும் அதைத் திறக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் சில நாட்களுக்கு எதையும் பிரிக்காதீர்கள், நனைக்காதீர்கள், கத்தரிக்காதீர்கள். எது அபூர்வம் என்று தெரிவதற்கு முன்பே பாதுகாப்பு தொடங்கிவிட வேண்டும்.

என் பெரியப்பாவின் பெட்டி என் கைக்கு வந்தபோது நான் பள்ளி மாணவன். உள்ளே கட்டுக்கட்டாகக் கடித உறைகள். தபால்தலைகளை மட்டும் ஊறவைத்து எடுத்துக்கொண்டு உறைகளை எறிந்துவிட்டேன். ஒரு கடிதம் எந்த ஊரில் கிளம்பியது, எந்த வழியாகப் போனது, எத்தனை நாளில் சேர்ந்தது என்பதெல்லாம் உறையின் மேல்தான் இருக்கும். முன்னும் பின்னும் விழுந்த முத்திரைகள், தணிக்கையாளர் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிய நாடா, 'முகவரியில் இல்லை' என்று தபால்காரர் கிறுக்கிய குறிப்பு எல்லாம் குப்பைக்குப் போயின. இன்றுவரை எனக்கு மனம் ஆறவில்லை. உறையில் ஒட்டியிருப்பது உறையிலேயே இருக்கட்டும்.

[காட்சி: மெஜந்தா நிறத்தில், மூலைகள் வெட்டப்பட்ட எண்கோண வடிவத் தபால்தலையின் படம்.]

1873இல் தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில் வெர்னான் வான் என்ற 12 வயதுச் சிறுவன், தன் மாமாவின் பழைய கடிதங்களுக்கிடையே ஒரு தபால்தலையைக் கண்டான். 1856இல் அச்சான ஒரு சென்ட் மெஜந்தா. மூலைகள் வெட்டுப்பட்டு, அழுக்கேறி, அஞ்சலக ஊழியரின் கையெழுத்துச் சுருக்கத்தோடு இருந்த அதை ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். அதைப் போல் இன்னொன்று உறுதியாகக் கிடைத்ததாக இன்றுவரை வரலாறு இல்லை. பார்க்க அழகில்லாததை முதலில் ஒதுக்குவது நம் கையின் பழக்கம். பரம்பரைச் சேகரிப்பில் அந்தப் பழக்கம் ஆபத்தானது.

சரி, திறக்கலாம். கையை நன்றாகக் கழுவி உலர்த்திக்கொள்ளுங்கள்; ஆனாலும் விரலால் தொட வேண்டாம். தோலின் எண்ணெயும் வியர்வையும் பின்னாளில் கறையாக எழும். முனை தட்டையாகவும் வழவழப்பாகவும் உள்ள தபால்தலை இடுக்கி வேண்டும். ஒப்பனைக்கு வைத்திருக்கும் இடுக்கியின் வரிகளும் கூர்முனையும் காகிதத்தைக் காயப்படுத்தும்.

ஒவ்வொரு பக்கத்தையும் உள்ளது உள்ளபடியே படம் எடுங்கள். ஸ்கேனர் இருந்தால் அங்குலத்துக்கு 600 புள்ளி போதும். தளர்வாக இருப்பவற்றின் முன்புறம், பின்புறம் இரண்டையும் எடுங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண், தபால்தலைகளை வரிசையிட்டுப் பட்டியலிடும் கேட்டலாக் புத்தகத்தின் எண்ணாக இருக்கலாம். ஒரே படமுள்ள மூன்று தபால்தலைகளை அவர் ஏன் அடுத்தடுத்து வைத்தார்? நமக்கு ஒன்றுபோல் தெரிந்தவை அவருக்கு மூன்றாகத் தெரிந்திருக்கின்றன. அந்த வரிசையைக் கலைத்தால் அவர் அறிந்ததையும் சேர்த்துக் கலைத்தவர்களாவோம்.

[காட்சி: உருப்பெருக்கிக் கண்ணாடி ஒரு தபால்தலையின் மீது நகர்கிறது.]

இனி அடையாளம் காண்பது. முதலில் நாடு. ஹெல்வெட்டியா என்றிருந்தால் சுவிட்சர்லாந்து, மாக்யார் என்றிருந்தால் ஹங்கேரி, சுவோமி என்றிருந்தால் பின்லாந்து. நாட்டின் பெயரே இல்லாமல் அரசர் அல்லது அரசியின் தலை மட்டும் இருந்தால் பெரும்பாலும் பிரிட்டன். தபால்தலையை முதலில் வெளியிட்ட நாடு என்பதால் அதற்கு மட்டும் இந்தச் சலுகை.

அடுத்து, பழையதெல்லாம் அபூர்வம் என்ற நம்பிக்கையை விட்டுவிடுவோம். உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக் 1840 மே 6 அன்று புழக்கத்துக்கு வந்தது. சுமார் 6 கோடியே 80 லட்சம் அச்சானது. வயது 180ஐத் தாண்டிவிட்டது, கிடைக்காத பொருளல்ல. எத்தனை அச்சாயிற்று என்பதைவிட எத்தனை மிஞ்சியது, எந்த நிலையில் மிஞ்சியது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே முகத்தோடு இருக்கும் இரண்டு தபால்தலைகளில் ஒன்று சாதாரணமாகவும் மற்றது அபூர்வமாகவும் இருப்பது எப்படி? இங்கேதான் இந்தக் கலையின் சுவையே இருக்கிறது. ஓரத்திலுள்ள பல்வரிசையை எண்ணுங்கள். இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை பல் என்பதே கணக்கு. 14 என்றும் 11½ என்றும் கேட்டலாக்குகள் குறிப்பது இதைத்தான். மேல் ஓரத்துக்கும் பக்கவாட்டு ஓரத்துக்கும் எண்ணிக்கை மாறலாம், ஆகவே இரண்டையும் அளக்க வேண்டும். அதற்கென அச்சிட்ட அளவுகோல் அட்டை கிடைக்கிறது.

பிறகு நீர்க்குறி. காகிதம் தயாராகும்போதே அதற்குள் மெலிதாகப் பதிந்த கிரீடம், நட்சத்திரம், எழுத்து போன்ற உருவம் அது. கறுப்புத் தட்டில் முகம் கீழாக வைத்துப் பார்த்தால் பல சமயம் தானே தெரியும். தெரியாவிட்டால் அதற்கான திரவத்தில் ஓரிரு துளி. பசையோடு இருக்கும் தபால்தலையில் இந்த வேலைக்குத் தண்ணீரை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

[காட்சி: சிவப்பு நிறப் பென்னி ரெட் தபால்தலையின் பக்கவாட்டு வேலைப்பாடு பெரிதாகிறது.]

விக்டோரியா அரசியின் பென்னி ரெட் பல பழைய ஆல்பங்களில் இருக்கும். 1864 முதல் வந்தவற்றில், இருபக்க வேலைப்பாட்டுக்குள் அச்சுத் தகட்டின் எண் மிகச் சிறிதாக ஒளிந்திருக்கும். பெரும்பாலான எண்கள் எளிதில் கிடைப்பவை. ஆனால் 77ஆம் எண் தகடு சரியில்லை என்று விலக்கப்பட்டது. அதையும் மீறி வெளியே போனவை விரல்விட்டு எண்ணும் அளவே. 73ஐயும் 78ஐயும் முத்திரை மை மறைத்து 77 போலக் காட்டும். அதனால் எண்ணைக் கண்டதும் துள்ளிவிடாமல் இரண்டு பக்க எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அச்சுப் பிழையும் அப்படித்தான். சுவீடனில் 1855இல் வந்த மூன்று ஸ்கில்லிங் (அந்நாட்டின் பழைய நாணயம்) தபால்தலை நீலப்பச்சையாக இருக்க வேண்டும். எட்டு ஸ்கில்லிங்குக்குரிய மஞ்சளில் தவறி அச்சான ஒன்றை, 1880களில் ஒரு பள்ளி மாணவன் தன் பாட்டியின் பரணில் கண்டெடுத்தான். அதன் இணையும் இதுவரை கிடைக்கவில்லை. நிறம் மாறியிருந்தால் எல்லாமே பிழை என்று மட்டும் எண்ணாதீர்கள். வெயில் பச்சையை நீலமாக்கும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சில ஆரஞ்சு நிறங்களைப் பழுப்பாக்கும். அவை பிழையல்ல, சேதம்.

போலிகளைப் பற்றி நான் அச்சத்தோடுதான் பேசுகிறேன். ஜான் டி ஸ்பெராட்டி என்றொருவர், மலிவான உண்மைத் தபால்தலையின் அச்சை வேதிப்பொருளால் அகற்றிவிட்டு, அதே காகிதத்தில் அபூர்வமானதை அச்சிட்டார். காகிதம் உண்மை, நீர்க்குறி உண்மை, சிலவற்றில் முத்திரையும் உண்மை! வல்லுநர்களே ஏமாந்தார்கள். பல்லில்லாத வகைதான் அபூர்வம் என்றால் பல்லைக் கத்தரித்து விடுபவர்களும், போன பசைக்குப் பதில் புதுப் பசை பூசுபவர்களும் இன்றும் உண்டு.

[காட்சி: ஆல்பத்தின் பக்கம் வெளிச்சத்தில் மெதுவாகப் புரள்கிறது.]

பாதுகாப்புக்கு வருவோம். பழைய பிளாஸ்டிக் உறைகளை முகர்ந்து பாருங்கள். நெடியடித்தாலோ தொட்டால் பிசுபிசுத்தாலோ அது பெரும்பாலும் பிவிசி. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் கசிந்து மையைக் கரைக்கும். ஒட்டிக்கொள்ளாதவற்றை அதிலிருந்து உடனே மாற்றுங்கள். பிரிக்காதீர்கள் என்று நான் சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறை, அமிலமற்ற தாள், இவையே நம்பத்தக்கவை. வீட்டில் கிடைக்கும் ஒட்டு நாடாவும் லேமினேஷனும் தபால்தலைக்கு நேரடி எதிரிகள்.

முதுகில், ஆல்பத்தில் பொருத்துவதற்கான ஹிஞ்ச் என்ற சிறு காகிதத் துண்டு ஒட்டியிருந்தால் பிடுங்க வேண்டாம். காகிதத்தின் ஒரு படலமே சேர்ந்து உரிந்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டிப்போன புதுத் தபால்தலைகளையும் அப்படியே வைத்துவிட்டு, பழகிய கையிடம் கொடுங்கள். நனைத்தே ஆக வேண்டும் என்று தோன்றினாலும், 1883, 84ஆம் ஆண்டுகளில் பிரிட்டன் வெளியிட்ட ஊதா, பச்சைத் தபால்தலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். முத்திரையை அழித்து மறுபடி பயன்படுத்தாமலிருக்க, தண்ணீர் பட்டால் கரையும் மையையே வேண்டுமென்று தேர்ந்தார்கள். ஒரே ஒரு குளியலில் அவற்றின் நிறம் போய்விடும்.

ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டியிருக்க வேண்டும். மிகுந்தால் பூஞ்சை பழுப்புப் புள்ளிகளாகப் படரும், பசை இளகும், ராமபாணப் பூச்சி குடியேறும். மிகவும் குறைந்தால் பசை வெடிக்கும். பரண் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். ஆல்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நெருக்காமல் நிமிர்த்தி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து பக்கங்களைப் புரட்டினால் காற்றும் படும், கேடு தொடங்கினால் கண்ணிலும் படும். பழுப்புப் புள்ளி விழுந்ததை உடனே தனியாக எடுத்து வையுங்கள். வெளுக்கும் மருந்து எதையும் தடவாதீர்கள். அப்படிச் சுத்தம் செய்த தடம் புற ஊதா விளக்கில் தெரிந்துவிடும்.

அபூர்வமாக இருக்கக்கூடும் என்று தோன்றும் நாலைந்தை மட்டும் தேர்ந்தெடுத்து, வாங்கவும் விற்கவும் ஆசையில்லாத வல்லுநர் குழுவிடம் சான்றிதழுக்கு அனுப்புங்கள். லண்டனின் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டிக்கு 1894 முதல் அப்படி ஒரு குழு இருக்கிறது. சான்றிதழில் அந்தத் தபால்தலையின் படமும் இருக்கும். பிற்காலத்தில் அதை இன்னொன்றோடு மாற்றிவிட முடியாது.

[காட்சி: ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைக்கப்படுகிறது.]

கடைசியாக, அமிலமற்ற ஒரு தாள் எடுங்கள். சேர்த்தவர் யார், என்ன வேலை பார்த்தார், யார் யாருக்குக் கடிதம் எழுதினார், ஆல்பம் உங்களிடம் எந்த ஆண்டில் வந்தது, எந்தப் பக்கத்தில் எதை மாற்றினீர்கள் என்று எழுதி முன்பக்கத்தில் வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள். மை அடுத்த பக்கத்துக்கு இறங்கும்.