25 மீட்டரில் ஏன் மூச்சு வாங்குகிறது?

வணக்கம் நேயர்களே. ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் நகரத்து நீச்சல் குளத்தில் இறங்கும்போது ஒரு சங்கடம் வருகிறது. கிணற்றில் மணிக்கணக்கில் ஆட்டம் போட்டவர்கள்தான். ஆனால் இங்கே 25 மீட்டர் தாண்டிச் சுவரைப் பிடிப்பதற்குள் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு இரைக்கிறது. "வயசாயிடுச்சு, தம் இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தினமும் 5 கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கும் குளத்தில் இதே கதிதான். அப்படியென்றால் குறை தம்மில் இல்லை. பெரும்பாலும், மூச்சை வெளியே விடாததுதான் காரணம்.

இதை நிதானமாகவே பேசுகிறேன். நீங்களும் உட்கார்ந்த இடத்திலேயே செய்து பாருங்கள். மூச்சை இழுங்கள். விடாமல், இன்னும் கொஞ்சம் இழுங்கள். இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் முடியவில்லை, இல்லையா? நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது. முகம் நீருக்குள் இருக்கும்போது வாயை இறுக மூடிக்கொள்கிறோம். வெளியே திரும்புகிற அந்த ஒரு நொடியில் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். இரண்டுமே அரைகுறையாகிறது. உள்ளே கரியமில வாயு சேர்கிறது. மூச்சு முட்டுகிற உணர்வை முதலில் எழுப்புவது அந்த வாயுதான், பிராணவாயு தீர்ந்துபோவது அல்ல.

ஆகவே முதல் பயிற்சிக்கு நீந்தவே வேண்டாம். இடுப்பளவு நீரில் சுவரைப் பிடித்து நின்று முகத்தை அமிழ்த்துங்கள். 'ம்ம்ம்' என்று முனகியபடி மூக்கு வழியே குமிழி விடுங்கள். பிறகு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கண் நீரிலேயே இருக்கும்படி, வாயால் மூச்சிழுங்கள். நிறுத்தாமல் 20 தடவை. இதிலேயே இரைத்தால் நீந்தும்போது நிச்சயம் இரைக்கும். திரும்பவும் சொல்கிறேன்: நீருக்குள் விடுங்கள், வெளியே இழுக்க மட்டும் செய்யுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தம் கூட்டுவதாக நினைத்துச் சிலர் வேகவேகமாக மூச்சிழுத்து விட்டபின், தம் கட்டி நீருக்கடியில் கிடக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். கரியமில வாயு குறைந்துவிடுவதால் மூச்சு முட்டும் எச்சரிக்கை தாமதமாகிறது. அதற்குள் நினைவு தப்பிவிடலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி உயிரிழந்திருக்கிறார்கள்.

அடுத்தது தலை. கிணற்றில் தலையைத் தூக்கியே நீந்திப் பழகியிருப்போம். தலை ஏறினால் இடுப்பும் காலும் தாழும். தாழ்ந்த காலை மேலே கொண்டுவர ஓங்கி ஓங்கி உதைக்கிறோம். தொடைத் தசை உடம்பிலேயே பெரிய தசைகளில் ஒன்று. அது வாங்குகிற பிராணவாயு கொஞ்சநஞ்சமல்ல. பார்வை குளத்தின் தரையில் இருக்கட்டும், உதை மெதுவாக, இடுப்பிலிருந்து வரட்டும். மூன்று கை வீச்சுக்கு ஒரு மூச்சு என்று சிலர் சொல்லித் தருவார்கள். புதியவர்களுக்கு அது சுமை. இரண்டு வீச்சுக்கு ஒரு மூச்சு போதும்.

இனி தூரம். வாரம் மூன்று நாள், அரைமணி நேரம். முதலில் 25 மீட்டர் வீதம் எட்டுத் தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவே சுவரைப் பிடித்தபடி நிதானமாகப் பத்து மூச்சு. மொத்தம் 200 மீட்டர்தான், போதும். அது சுலபமானதும் பத்து மூச்சை ஏழாக, பிறகு ஐந்தாகக் குறையுங்கள். அதன்பின் 50 மீட்டர் வீதம் ஆறு தடவை, ஓய்வு மறுபடி பத்து மூச்சு. ஒரே நாளில் தூரத்தைக் கூட்டி ஓய்வையும் குறைத்தால், களைப்பில் கை வீச்சு கெட்டுப்போகும். கெட்ட வீச்சே பழக்கமாகிவிடும்.

முதல் 25 மீட்டர்தான் எல்லாரையும் கவிழ்க்கிறது. உற்சாகத்தில் பாய்ந்துவிடுகிறோம். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்து, அப்படியே திரும்பியும் நீந்தி வந்தார். 51 மணி நேரம்! மூச்சிரைக்கிற வேகத்தில் யாராலும் அவ்வளவு நேரம் நீந்த முடியாது. உங்கள் கடைசி 25 மீட்டருக்கு முதலாவதைவிட ஐந்து விநாடிக்கு மேல் கூடுதலாக ஆனால், தொடக்கம் வேகம் என்று அர்த்தம். "இவ்வளவு மெதுவாகவா?" என்று கூச்சப்படுகிற வேகம்தான் சரியான வேகம்.

நேரம் ஆகிவிட்டதென்று சைகை காட்டுகிறார்கள். தோள் வலியைப் பற்றி விரிவாகப் பேச இருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். கை தலைக்கு முன்னே குறுக்காகப் போகாமல், தோளுக்கு நேரே நீரில் நுழையட்டும். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் சுவரைப் பிடித்து, கால்விரல்களை முழங்கால் பக்கமாக இழுங்கள். குளத்தில் 400 மீட்டர் வந்துவிட்டதென்று ஆற்றிலோ கடலிலோ தனியாக இறங்காதீர்கள். அங்கே பிடித்து நிற்கச் சுவர் கிடையாது. வணக்கம்.