மூன்று சுருட்டும் ஒரு காகிதமும்

நடுவர் அவர்களே, திருவல்லிக்கேணிப் பெருமக்களே, வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு, அதாவது அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்கள், வென்றிருந்தால் அடிமை முறை தானாக ஒழிந்திருக்குமா, நீடித்திருக்குமா? நீடித்திருக்கும் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, "இவங்க அணி மூணு சுருட்டை நம்பி வாதாட வந்திருக்கு" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். சரி, தட்டுங்கள். அந்தக் கதையை முழுசாகக் கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

1862 செப்டம்பர் 13. மேரிலாந்தில் ஃபிரெட்ரிக் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வயல். வடக்குப் படையின் இண்டியானா வீரர்கள் நடந்து களைத்துப் போய் உட்கார்கிறார்கள். புல்லுக்குள் ஓர் உறை கிடக்கிறது. பிரித்தால் சுருட்டு! ஒன்றா? இரண்டா? மூன்று! களைத்துப்போன சிப்பாய் என்ன செய்வான்? சுருட்டை வாயில் வைப்பான், சுற்றியிருந்த காகிதத்தைக் கசக்கி எறிவான். இவர்கள் எறியவில்லை ஐயா, படித்தார்கள்! தெற்குத் தளபதி லீயின் ரகசிய உத்தரவு அது. எந்தப் படை எந்தப் பக்கம் போகிறது, அத்தனையும் அதில் இருக்கிறது. கைமாறிக் கைமாறி வடக்குத் தளபதி மெக்லெல்லனிடம் போய்ச் சேர்ந்தது. நாலாம் நாள் ஆன்டீட்டம் சண்டை. லீ பின்வாங்கினார். போரில் ஒரு வெற்றி வரட்டும் என்று ஜூலையிலிருந்து காத்திருந்த லிங்கன், செப்டம்பர் 22 அன்று அடிமை விடுதலை அறிவிப்பை வெளியிட்டார்.

தம்பி, அந்தக் காகிதத்தில் நெருப்பு வைத்து ஒருவன் சுருட்டைப் பற்றவைத்திருந்தால்? தெற்கைத் தனி நாடாக ஏற்கலாமா என்று பிரிட்டன் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது! மூன்று சுருட்டு என்றா சிரிக்கிறீர்கள்?

"பிரேசிலில் அடிமை முறை 1888-இல் ஒழிந்ததே" என்றார் தம்பி. தெற்கு எழுதிய அரசியல் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அடிமைகளைச் சொத்தாக வைத்திருக்கும் உரிமையை மறுக்கும் எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது என்று எழுதியே வைத்தார்கள். அதுவா தானாக ஒழியும்?

மணி அடித்துவிட்டது. ஒரு நிமிடம் கொடுங்கள் ஐயா.

கிட்டத்தட்ட 40 லட்சம் அடிமைகள். தாயை ஓர் ஊரில், பிள்ளையை வேறோர் ஊரில் விற்றார்கள். போர் முடிந்த பிறகு பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்துப் பல வருஷம் தேடினார்கள். அம்மா பேர், எஜமான் பேர், கடைசியாகப் பார்த்த ஊர். போதகர்கள் தேவாலயத்தில் அதை உரக்கப் படித்தார்கள். சுனாமி அன்று பட்டினப்பாக்கம் கரையில் பிள்ளை பேரைச் சொல்லிக் கத்திய தாய்களை நாம் பார்த்திருக்கிறோம். தெற்கு வென்றிருந்தால் அப்படித் தேடுகிற உரிமைகூட அந்தத் தாய்க்குக் கிடையாது. "பொறும்மா, தானா ஒழியும்" என்று அவளிடம் போய்ச் சொல்ல எதிரணியில் யாருக்கு வாய் வரும்? நடுவர் அவர்களே, தீர்ப்பை அவள் பக்கம் சொல்லுங்கள். வணக்கம்.