வயது தானாகத்தான் போகிறதா?

[காட்சி: திருகோணமலை, கடற்கரையோர வீட்டு முற்றம். சுளகில் நெத்தலி துப்புரவாக்கும் கை, மிக அருகில்.]

குரல்: இது என் அம்மம்மாவின் கை. வயது 84. நெத்தலியின் தலையைக் கிள்ளுவதில் விரல்கள் இன்னும் பிழை விடுவதில்லை. எழும்பத்தான் ஒரு ஆள் வேண்டும். கேட்டால், "வயது போட்டுது மோனே" என்பார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், வயது தன்பாட்டில் நடந்து போவது போல.

அது தன்பாட்டில்தான் போகிறதா என்று சந்தேகப்பட்டவர் சிந்தியா கென்யன், அமெரிக்க மரபணு விஞ்ஞானி. பழைய வள்ளம் உளுத்துப்போவது போல உடம்பும் தேய்ந்து போகிறது, அதில் ஆராய என்ன இருக்கிறது என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். ஆனால் எலிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம். கிட்டத்தட்ட அதே அளவு வௌவால்களில் சில 30 வருடம் தாண்டும். வெறும் தேய்மானம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

[காட்சி: நுணுக்குக்காட்டியின் கீழ் நெளியும் கண்ணாடி போன்ற புழு.]

குரல்: அவர் எடுத்துக்கொண்டது ஒரு மில்லிமீற்றர் நீளப் புழு. ஆயுள் ஏறக்குறைய மூன்று கிழமை. அதில் 'டாஃப்-2' என்ற ஒரே மரபணு (ஏ.எல்.லில் பரம்பரையலகு என்று படித்தோமே, அதுதான்) பலவீனமானதும் ஆயுள் இரண்டு மடங்கானது. 1993இல் இது வெளியானது. மற்றப் புழுக்கள் அசையாமல் கிடக்கும் வயதில் இவை ஊர்ந்து திரிந்தன. எனக்கு ஆயுள் கணக்கை விட இதுதான் பெரிது.

[காட்சி: கரையேற்றிய வள்ளங்கள், வலை பொத்தும் ஆட்கள்.]

குரல்: காரணத்தை எங்கள் கடற்கரையிலேயே பார்க்கலாம். கடல் அமைதியாக இருக்கும் வரை எல்லோரும் தொழிலுக்குப் போவார்கள், வள்ளத்தைக் கவனிக்க நேரம் இருக்காது. வாடையில் கடல் கொந்தளித்தால்தான் வள்ளத்தைக் கரையேற்றி ஓட்டை அடைப்பார்கள், வலை பொத்துவார்கள். புழுவின் உடம்பிலும் இதே கதைதான். டாஃப்-2 எங்கள் இன்சுலின் வாங்கிக்கு, அதாவது இன்சுலின் தரும் செய்தியைக் கலம் (செல்) வாங்கும் கதவுக்கு, உறவுக்காரன். 'சாப்பாடு இருக்கிறது, வளர், பெருகு' என்ற செய்தியைக் கலத்துக்குள் கொண்டுபோவது அதுதான். அந்தச் செய்தி குறைந்தால் 'டாஃப்-16' என்ற இன்னொரு மரபணுவின் புரதம் கலத்தின் கருவுக்குள் போய், பழுதுபார்க்கும் மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. டாஃப்-16ஐயும் பழுதாக்கிப் பார்த்தார்கள். கூடின ஆயுள் இல்லாமல் போய்விட்டது.

மனிதரிலும் டாஃப்-16இன் உறவு மரபணு உண்டு: 'ஃபாக்ஸ்ஓ3'. அதன் ஒரு வகை நீண்ட ஆயுள்காரரிடம் கூடுதலாக இருப்பதை ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் 2008இல் கண்டார்கள். 2009இல் கென்யனின் குழு புழுக்களுக்குக் குளுக்கோஸ் கொடுத்தபோது ஆயுள் குறைந்தது. அம்மம்மாவின் தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி. நான் இன்னும் அதில் கை வைக்கவில்லை, புழு வேறு, மனிதர் வேறு.

2014இல் கென்யன், கூகுள் தொடங்கிய 'காலிகோ' நிறுவனத்தில் முதுமை ஆய்வுக்குப் பொறுப்பாகச் சேர்ந்தார். சரி, மருந்து வந்துவிட்டதா? முதுமையை நிறுத்தும் மருந்தாக மனிதருக்கு அனுமதி பெற்றது எதுவும் இல்லை. இளமை மாத்திரை என்று யாராவது விற்றால் தயவுசெய்து காசைக் கொடுக்காதீர்கள்.

[காட்சி: மீண்டும் முற்றம்.]

குரல்: புழுவின் படத்தை அம்மம்மாவுக்குக் காட்டினேன். எத்தனை நாள் கூட இருந்தது என்று அவர் கேட்கவில்லை.

அம்மம்மா: கூட இருந்த நாளிலயும் அது எழும்பித் திரிஞ்சுதோ?

குரல்: ஓம் அம்மம்மா, திரிஞ்சுது.

அம்மம்மா: அப்ப சரி. அந்தச் சுளகை இஞ்சால எடு.