வீட்டுக்குள் வரும் விளையாட்டு

அனைவருக்கும் வணக்கம்.

விளையாட்டு உடம்புக்கு நல்லது, ஒழுக்கம் தரும், ஒற்றுமையை வளர்க்கும் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். மறுப்பில்லை. நான் பேச வந்தது வேறு. ஒரு வீட்டில் ஒருவர் தீவிரமாக விளையாட ஆரம்பித்தால், அந்த வீட்டில் எல்லோருடைய வேலையும் மாறிவிடுகிறது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதில்லை, தானாக நடந்துவிடுகிறது.

விடியற்காலைப் பயிற்சிக்குப் பிள்ளையை எழுப்புகிறவர் ஒருவர். மைதானத்து ஓரத்தில் மணிக்கணக்கில் காத்திருப்பவர் ஒருவர். ஜெர்சியைத் துவைத்து மறுநாளைக்குள் உலர்த்தி எடுப்பவர் ஒருவர். பல வீடுகளில் இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான். அது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. விடுமுறை நாளில் எங்கே போவது என்பதைப் போட்டி அட்டவணை முடிவு செய்கிறது. விளையாட்டில் ஆர்வமில்லாத இன்னொரு பிள்ளை அந்த வீட்டில் இருந்தால், அதுவும் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போகிறது. அதற்கு என்ன பிடிக்கும் என்று கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

ரிச்சர்ட் வில்லியம்ஸ் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வீனஸும் செரீனாவும் பிறப்பதற்கு முன்பே அவர்களை டென்னிஸ் வீராங்கனைகளாக்கத் திட்டம் எழுதி வைத்த அப்பா. அந்தக் கதையைச் சொல்லும்போது இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறோம். ஒன்று, அம்மா ஒரசீன் பிரைஸும் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஆனால் புகழ் எல்லாம் அப்பாவின் திட்டத்துக்கே போனது. இரண்டாவது விஷயம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஜூனியர் போட்டிகளில் மகள்கள் வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்த நேரத்தில், 1991இல், அந்த அப்பா அவர்களை அந்தப் போட்டிகளிலிருந்து விலக்கிக்கொண்டார். பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு அந்த நெருக்கடி வேண்டாம், படிப்பும் இருக்கிறது என்பது அவருடைய கணக்கு. ஜெயிக்கிற பிள்ளையைப் போட்டியிலிருந்து திரும்ப அழைத்துக்கொள்ள எத்தனை பெற்றோருக்கு மனசு வரும்?

மறுபக்கம் அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆண்ட்ரே அகாசி. பந்து வீசும் இயந்திரத்தை மாற்றியமைத்து, அதன் முன்னால் சிறுவனை நிறுத்தி ஆயிரக்கணக்கான பந்துகளை அடிக்க வைத்த அப்பா அவருக்கு. மகன் எட்டு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வாங்கினார். ஓய்வு பெற்ற பிறகு 2009இல் வந்த தன்வரலாற்றில், டென்னிஸைத் தான் வெறுத்ததாக எழுதினார். எட்டுப் பட்டங்களைக் காட்டி "அப்பா செய்தது சரிதானே" என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் பிடிபடவில்லை. அதே மாதிரி அடிக்க வைக்கப்பட்டு, ஒரு பட்டமும் வாங்காமல், வெறுப்பு மட்டும் மிஞ்சிய பிள்ளைகளின் வரலாற்றை யாரும் அச்சடிப்பதில்லை.

அப்பாவோ அம்மாவோ பயிற்சியாளராக இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்பதுதான் என் கேள்வி. தோற்ற போட்டிக்குப் பிறகு வீடு திரும்பும் பயணத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளையால் வண்டியிலிருந்து இறங்க முடியாது, பேச்சையும் மாற்ற முடியாது. "அந்தப் பந்தை ஏன் விட்டாய்?" என்று அப்பா ஆரம்பிப்பார். விட்டது ஏன் என்று பிள்ளைக்கு ஏற்கனவே தெரியும். அந்த நேரத்தில் அதற்குத் தேவை ஒரு அப்பா. கிடைப்பது இன்னும் டியூட்டி முடியாத ஒரு பயிற்சியாளர். வீட்டில் ஸ்கோர் கேட்காத ஒரு ஆளாவது இருக்க வேண்டும். தாத்தாவாக இருந்தாலும் சரி, தம்பியாக இருந்தாலும் சரி.

அப்புறம், விளையாடுகிற ஆள் பிள்ளையாக இல்லாமல் அம்மாவாகவே இருந்தால்? 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஃபேனி பிளாங்கர்ஸ் கோன் நான்கு தங்கம் வாங்கினார். 100 மீட்டர், 200 மீட்டர், 80 மீட்டர் தடை ஓட்டம், தொடர் ஓட்டம். வயது 30, இரண்டு குழந்தைகள். கணவர்தான் பயிற்சியாளர். ஃபேனி குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போவார். போட்டிக்கு முன்னால் அவருக்கு வந்த கடிதங்கள், வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றன. ஜெயித்த பிறகு பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர் 'பறக்கும் இல்லத்தரசி'. அதே ஒலிம்பிக்கில் ஓடிய அப்பாக்கள் யாரையும் 'பறக்கும் குடும்பத் தலைவர்' என்று எழுதியதாக நான் படித்ததில்லை. ஊர் திரும்பியபோது அவருக்கு ஒரு சைக்கிள் பரிசளித்தார்கள், இனி இவ்வளவு ஓட வேண்டாம் என்று. வேடிக்கையாகத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் அந்த வேடிக்கைக்குள் ஒரு செய்தி இருக்கிறதா இல்லையா?

பெண்கள் விளையாடுவதை ஊர் பார்க்காமல் இருந்ததால் தடுத்தது என்று நினைக்காதீர்கள். பார்த்த பிறகுதான் தடுத்தது. 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் நடந்த பெண்கள் கால்பந்து ஆட்டத்துக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஆடியது பிரஸ்டன் நகரத்துத் தொழிற்சாலைப் பெண்களின் அணியான டிக் கெர் லேடீஸ். அடுத்த டிசம்பரிலேயே, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, இங்கிலாந்து கால்பந்து சங்கம் தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. ஒலிம்பிக் கிராமத்தில் வீரர்கள் தங்கள் கைக்குழந்தைகளோடு இருக்க ஒரு அறை ஏற்பாடானது 2024 பாரிஸில்தான். அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் ஓட்டப்பந்தய வீராங்கனை அலிசன் ஃபெலிக்ஸ், அவரும் ஒரு தாய்.

சரி, விளையாடுகிறவரின் மனதுக்குள் போவோம். 'விளையாட்டு அடையாளம்', அதாவது ஒருவர் தன்னை எந்த அளவுக்கு விளையாட்டுக்காரராகவே பார்க்கிறார் என்பதை அளக்க உளவியலாளர்கள் 1993இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். என் நண்பர்களில் பெரும்பாலோர் விளையாட்டுக்காரர்கள், சரியாக ஆடவில்லை என்றால் என்மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது, இந்த மாதிரி வாக்கியங்கள். எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று குறிக்க வேண்டும். அந்த அடையாளம் பலமாக இருப்பதில் லாபம் உண்டு, ஆள் விடாமல் உழைப்பார். ஆனால் அது ஒன்று மட்டுமே இருந்து, முட்டி போய்விட்டாலோ அணியிலிருந்து நீக்கிவிட்டாலோ, பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இருக்காது. மைக்கேல் ஃபெல்ப்ஸ் 23 ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அவரே சொன்னார், தன்னை ஒரு மனிதனாகப் பார்க்காமல் நீந்துகிறவனாக மட்டும் பார்த்து வந்ததாக. மனச்சோர்வில் நாள்கணக்கில் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்ததையும் வெளிப்படையாகச் சொன்னார். அத்தனை தங்கம் வாங்கியவருக்கே இந்த நிலை என்றால், மாவட்ட அணியோடு நின்றுபோன பையனுக்கு?

விளையாடாத நமக்கும் இதில் பங்கு உண்டு. 1976இல் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களைக் கவனித்தார்கள். கல்லூரி அணி ஜெயித்த வாரத்தின் திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகள் வகுப்பில் அதிகம் தென்பட்டன. பேச்சிலும் அப்படியே. ஜெயித்தால் "நாங்கள்", தோற்றால் "அவர்கள்". நம் தெருப்பிள்ளை ஒன்று மேலே வந்தால் "நம்ம பிள்ளை" என்கிறோம். அது ஒரு வருடம் சோபிக்காமல் போகட்டும், அப்போது அது யாருடைய பிள்ளை?

அதனால்தான் ஒரு ஊரின் விளையாட்டை வெற்றிகளை வைத்து எடைபோட எனக்கு விருப்பமில்லை. லண்டனின் விம்பிள்டன் கால்பந்து கிளப் 1988இல் இங்கிலாந்து கால்பந்து சங்கத்தின் எஃப்ஏ கோப்பை வென்ற கிளப். 2002இல் அதை வேறு நகரத்துக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? சில வாரங்களில் தாங்களே ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். ஆட்டக்காரர்கள் வேண்டுமே, பொதுத்திடலில் தேர்வு வைத்தார்கள், சுமார் 230 பேர் வந்தார்கள். கீழ்மட்ட லீக்கில் ஆரம்பித்து, 2011இல் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்து, 2020இல் பழைய இடமான பிளவ் லேனில் புது மைதானமும் கட்டினார்கள். ஏறி வந்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பந்தை உதைக்கவே தெரியாதவர்கள் டிக்கெட் கொடுத்தார்கள், கணக்கு எழுதினார்கள், கூட்டம் போட்டுச் சண்டையும் போட்டார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரு வேலை இருந்தது. என்னைக் கவர்ந்தது அதுதான்.

ஐஸ்லாந்து இதை அரசாங்க வேலையாகவே செய்தது. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது குடித்துப் போதையில் இருந்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். விளையாட்டு மட்டும் இதைச் சாதிக்கவில்லை. கிளப் கட்டணத்துக்கு உதவித்தொகை, இரவு நேரக் கட்டுப்பாடு, பிள்ளைகளோடு கூடுதல் நேரம் இருப்பதாகப் பெற்றோர் எழுதிக் கொடுத்த உறுதிமொழி எல்லாம் சேர்ந்தன. அங்கே யாரும் சாம்பியன்களைத் தேடிக் கிளம்பவில்லை.

கிளப் நடத்துகிறவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். பதினாறு வயதில் அணியில் இடம் கிடைக்காமல் போன பிள்ளை, அடுத்த வாரமும் உங்கள் மைதானத்துக்கு வர ஏதாவது காரணம் வைத்திருக்கிறீர்களா? ஸ்கோர் எழுதலாம், நடுவராகப் பழகலாம், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால் கை தூக்குங்கள். கேள்வி நேரத்தை உங்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம்.