கெட்டியாக்கிக் கொடுத்தால் நிமோனியா வராதா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிப் படிக்கிறேன். "அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல், பார்க்கின்சன் நோய். தண்ணீர் குடித்தால் அடிக்கடி புரையேறுகிறது. எக்ஸ்ரே வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். இனி எதைக் குடித்தாலும் பவுடர் கலந்து தேன் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை, தண்ணீரே வேண்டாம் என்கிறார். இணையத்தில் தேடினால், கெட்டியாக்குவது வீண் என்று ஆராய்ச்சியே சொல்கிறது என்கிறார் ஒருவர். ஆராய்ச்சிப்படி அதுதான் பாதுகாப்பு என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?"

அந்த இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஒரே ஆராய்ச்சியின் இரண்டு பாதிகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கலாம். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் தொண்டையில் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம், அது தெரியாமல் மீதி புரியாது.

ஒரு வாய் தண்ணீரை விழுங்கும்போது தொண்டையில் நடக்கிற வேலை சுமார் ஒரு வினாடியில் முடிந்துவிடும். அதற்குள் மூச்சு நிற்க வேண்டும், குரல்வளை மேலேறி முன்னால் வர வேண்டும், குரல் நாண்கள் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும், மூச்சுக்குழாய் வாசலில் இருக்கிற மூடி சாய வேண்டும், உணவுக்குழாயின் மேல்வாய் திறக்க வேண்டும். வரிசை பிசகாமல் இதை நடத்துவது மூளைத்தண்டு. பார்க்கின்சனில் தசைகளின் இயக்கம் மந்தமாகிறது, விழுங்குவதும் தாமதமாகத் தொடங்குகிறது. தண்ணீர் அதுவரை காத்திருக்காது. வாசல் மூடுவதற்குள் ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடுகிறது. அது நுரையீரல் வரை போனால் நிமோனியா, அதாவது நுரையீரல் தொற்று, வரலாம் என்பதுதான் பயம். அதனால்தான் திட உணவைச் சிரமமில்லாமல் சாப்பிடுகிற ஒருவருக்குக்கூட வெறும் தண்ணீர் புரையேறும். திரவத்தைக் கெட்டியாக்கினால் அது மெதுவாக நகரும், தொண்டைக்கு அவகாசம் கிடைக்கும். இந்தச் சிகிச்சையின் யோசனை இவ்வளவுதான்.

இப்போது ஆராய்ச்சிக்கு வருவோம். விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவில் ஆராயும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரி லோகமான். எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் என்ற பொருள் கலந்த திரவத்தைக் கொடுத்து, அது எந்த வழியில் போகிறது என்று திரையில் பார்ப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு எடுத்ததும் அதுதான். லோகமானும் ஜோஆன் ராபின்ஸ் என்ற ஆய்வாளரும் சேர்ந்து நடத்திய பெரிய ஆராய்ச்சி 2008-இல் இரண்டு கட்டுரைகளாக வெளிவந்தது. அதில் பங்கெடுத்த எல்லோருக்கும் பார்க்கின்சன் அல்லது மறதிநோய் இருந்தது, அல்லது இரண்டுமே இருந்தன. எல்லோருக்கும் சாதாரணத் திரவம் மூச்சுக்குழாயில் இறங்கியது. அதாவது உங்கள் அம்மாவைப் போன்றவர்கள்தான்.

முதல் பாதியில் 711 பேர். ஒவ்வொருவரையும் எக்ஸ்ரே வீடியோவின் கீழ் வைத்து மூன்று வழிகளைச் சோதித்தார்கள். தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக்கொண்டு சாதாரணத் திரவம் குடிப்பது ஒன்று. கொஞ்சம் கெட்டியான திரவம் இன்னொன்று. தேன் பதத்தில் நல்ல கெட்டியானது மூன்றாவது. திரையில் பார்த்தவரை தேன் பதம்தான் ஜெயித்தது, அதில்தான் மிகக் குறைவானவர்களுக்கு மூச்சுக்குழாயில் இறங்கியது. தாடையைத் தாழ்த்துவது மூன்றாம் இடம். "ஆராய்ச்சிப்படி பாதுகாப்பு" என்று சொல்கிறவர் இதைப் படித்திருக்கிறார். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூன்று வழியிலுமே உள்ளே இறங்கத்தான் செய்தது.

இரண்டாம் பாதியில் கேள்வி மாறுகிறது. திரையில் என்ன தெரிந்தது என்பதை விட்டுவிட்டு, யாருக்கு நிமோனியா வந்தது என்று கேட்டார்கள். 515 பேரை மூன்று மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். தாடையைத் தாழ்த்திச் சாதாரணத் திரவம் குடித்தவர்களில் 9.8 சதவீதம் பேருக்கு நிமோனியா. கெட்டியாக்கிக் குடித்தவர்களில் 11.6 சதவீதம். புள்ளிவிவரக் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. திரையில் ஜெயித்த தேன் பதம் இங்கே ஜெயிக்கவில்லை. போதாததற்கு, தேன் பதத்தில் குடித்தவர்களுக்கு நிமோனியா வந்தபோது மருத்துவமனையில் அதிக நாள் இருக்க வேண்டியிருந்தது. உடலில் நீர் வற்றிப்போவதும் கெட்டியாக்கிக் குடித்தவர்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்தது: 6 சதவீதம், மற்றவர்களிடம் 2. "கெட்டியாக்குவது வீண்" என்கிறவர் இந்தப் பாதியைப் படித்தவர்.

வீண் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன், காரணம் அந்த 515 பேர் யார் என்பதில் இருக்கிறது. மூன்று வழிகளுமே சமமாக உதவியவர்களையும், எதுவுமே உதவாதவர்களையும்தான் இரண்டாம் பாதியில் சேர்த்தார்கள். ஒருவருக்குக் கெட்டியான திரவம் மட்டும் தெளிவாகப் பலன் தந்திருந்தால், அவரை அதில் சேர்க்கவே இல்லை. அப்படிப்பட்டவரைச் சீட்டுக் குலுக்கி வேறொரு வழிக்கு அனுப்புவது நியாயமாகாது, அதனால்தான். ஆகவே இந்த ஆராய்ச்சி உங்கள் அம்மாவுக்குப் பொருந்துமா என்பது அவருடைய வீடியோவில் என்ன தெரிந்தது என்பதைப் பொறுத்தது. தண்ணீர் இறங்கியது, கெட்டியானது இறங்கவில்லை என்று தெளிவாகத் தெரிந்திருந்தால், 515 பேரின் கணக்கை வைத்துப் பவுடரைத் தூக்கிப் போட முடியாது. எல்லாமே இறங்கியது என்றால் கதை வேறு. இந்த ஒரு விஷயத்தை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். இணையச் சண்டையில் யாரும் இதைப் பேசுவதில்லை. அப்புறம், எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தண்ணீர் குடித்த குழு ஒன்று அதில் கிடையாது. அதனால் சும்மா விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஆராய்ச்சியால் சொல்ல முடியாது.

2024-இல் அமெரிக்காவிலிருந்து இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. மறதிநோயும் விழுங்கும் சிரமமும் இருந்து மருத்துவமனையில் சேர்ந்த 8,916 பேரின் பதிவுகளை அலசியது. கெட்டியான திரவம் கொடுத்ததால் மருத்துவமனையில் இறப்பவர்கள் குறையவில்லை. செயற்கை சுவாசக் குழாய் போட வேண்டிய தேவை குறைந்திருந்தது, ஆனால் மூச்சு சம்பந்தமான சிக்கல்கள் கூடியிருந்தன. பதிவுகளை வைத்துச் செய்கிற ஆய்வில் எது காரணம், எது விளைவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் கெட்டியாக்கினால் கவலை விட்டது என்ற நினைப்பு தவறு என்பதை அதுவும் காட்டுகிறது.

இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். மூச்சுக்குழாயில் இறங்குவது குறைந்தால் நிமோனியாவும் குறையத்தானே வேண்டும், ஏன் குறையவில்லை? சூசன் லாங்மோர் என்பவர் எண்டோஸ்கோபி மூலம், அதாவது மூக்கு வழியாகக் கேமராக் குழாய் விட்டு, விழுங்குவதைப் பார்க்கும் முறையை 1988-இல் வெளியிட்டவர். அவருடைய குழு 1998-இல் வெளியிட்ட ஒரு ஆய்வுதான் இந்தத் துறையில் பலருடைய நினைப்பை மாற்றியது. 189 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து, யாருக்கு நிமோனியா வருகிறது என்று பார்த்தார்கள். விழுங்கும் சிரமம் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் போதவில்லை. இன்னொருவர் ஊட்டிவிட வேண்டிய நிலை, இன்னொருவர் வாய் சுத்தம் செய்துவிட வேண்டிய நிலை, சொத்தைப் பற்களின் எண்ணிக்கை, குழாய் வழி உணவு, பல நோய்கள், பல மருந்துகள், புகைப்பழக்கம் – இவைதான் நிமோனியாவை நன்றாகக் காட்டிக்கொடுத்தன.

அதாவது நுரையீரலுக்குள் போவது தண்ணீர் மட்டுமா, வாயில் ஊறிக் கிடக்கிற கிருமிகளும் கூடப் போகிறதா என்பதுதான் கேள்வி. ஆரோக்கியமான பலருக்கே தூக்கத்தில் எச்சில் கொஞ்சம் உள்ளே இறங்குகிறது. நுரையீரல் அதைச் சமாளித்துவிடுகிறது. சுத்தமில்லாத வாய், பலவீனமான உடல், இருமித் தள்ள முடியாத தொண்டை எல்லாம் ஒன்று சேரும்போதுதான் ஆபத்து. கெட்டியாக்கும் பவுடர் எச்சிலை ஒன்றும் செய்யாது, கவனியுங்கள். நீங்கள் என்ன கலந்து கொடுத்தாலும் எச்சில் பகலும் இரவும் ஊறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டு நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பல் துலக்கிவிட்டார்கள், பல் மருத்துவர்களோ பல் சுகாதாரப் பணியாளர்களோ வாரந்தோறும் சுத்தம் செய்தார்கள். இன்னொரு குழுவுக்கு வழக்கம்போல. வழக்கம்போல விட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, பல் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதம். ஒரு பிரஷ்ஷால் கிடைத்த வித்தியாசம் இது. என்னைக் கேட்டால், இந்தப் பேச்சில் உங்களுக்கு நாளைக் காலையே உபயோகப்படுகிற விஷயம் இதுதான். பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியை வாய்க்குக் கொடுங்கள். பல் மட்டும் போதாது, நாக்கும் அண்ணமும் சேர்த்து. பல்செட் இருந்தால் இரவில் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

பார்க்கின்சனுக்கென்றே ஒரு பயிற்சியும் இருக்கிறது. ஒரு சின்னக் கருவியில் ஸ்பிரிங் வைத்த அடைப்பு இருக்கும், அது திறக்கும் அளவுக்குப் பலமாக ஊத வேண்டும். மூச்சை வெளியே தள்ளும் தசைகளுக்கான பயிற்சி. 2010-இல் வெளியான ஆய்வில் 60 பார்க்கின்சன் நோயாளிகளில் பாதிப் பேருக்கு உண்மையான கருவி, மீதிப் பேருக்கு அதேபோலத் தெரிகிற, ஆனால் எதிர்ப்பு இல்லாத போலிக் கருவி. நான்கு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். உண்மையான கருவியில் ஊதியவர்களுக்கு, விழுங்கும்போது மூச்சுப்பாதைக்குள் திரவம் போவது குறைந்தது. நிமோனியா குறைந்ததா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. மேலே சொன்ன அதே எச்சரிக்கை இங்கேயும் உண்டு. ஆனாலும் இது இருமலையும் பலப்படுத்துகிற பயிற்சி, கேட்டுப் பார்க்கத் தகுந்தது. ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

தொண்டைக்கு மின்சாரம் கொடுக்கிறார்களாமே என்று வேறு சிலரும் கேட்டிருந்தார்கள். அது பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர்களிடம் சோதித்த விஷயம். 2016-இல் 162 பேரிடம் செய்த சோதனையில் பலன் தெரியவில்லை. 2018-இல் கழுத்தில் சுவாசத் துளை போட்ட 69 பேரிடம் செய்ததில், சிகிச்சை பெற்றவர்களில் 49 சதவீதம் பேர் குழாயை எடுக்கும் நிலைக்கு வந்தார்கள், போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 9 சதவீதம்தான். யாருக்கு, எந்த நிலையில் என்பதைப் பொறுத்தது. உங்கள் அம்மாவுக்கு இப்போது அது தேவைப்படுகிற கேள்வி இல்லை.

திரும்பவும் பவுடருக்கு வருகிறேன். கெட்டி என்றால் எவ்வளவு கெட்டி? இதற்கு உலக அளவில் ஒரு தரம் வகுத்திருக்கிறார்கள், சுழியத்திலிருந்து ஏழு வரை எட்டுப் படிகள். பானங்களுக்கு வீட்டிலேயே சோதிக்கலாம். அந்தத் தரத்தில் சொல்லியிருக்கிற அளவுள்ள ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சில் திரவத்தை நிரப்பி, பத்து வினாடி ஒழுகவிட்டு, எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். 1 முதல் 4 மில்லி மிச்சம் என்றால் முதல் படி, 4 முதல் 8 என்றால் இரண்டாம் படி, அதற்கு மேல் மிச்சமிருந்து கொஞ்சமாவது ஒழுகினால் மூன்றாம் படி. பல வீடுகளில் சொன்னதைவிடக் கூடுதல் கெட்டியாகத்தான் கலக்கிறார்கள், பயத்தில். தேவைக்கு மேல் கெட்டியானால் தொண்டையில் தங்கிவிடும், குடிக்கவும் பிடிக்காது. ஒரு படி குறைத்தாலும் பாதுகாப்பாக இருக்குமா என்று கேளுங்கள். அம்மா மறுக்காமல் குடிப்பதற்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.

பவுடரிலும் இரண்டு வகை. ஸ்டார்ச் வகையை எச்சிலில் இருக்கிற நொதி உடைத்துவிடும், கொஞ்ச நேரத்தில் நீர்த்துப்போகும். சாந்தன் கம் என்ற பிசின் வகை அப்படி நீர்க்காது. இன்னொன்று, பார்க்கின்சன் இருப்பவர்களுக்கு மலச்சிக்கல் சகஜம், அதற்கு மேக்ரோகால் பவுடர் தருவார்கள். அதை ஸ்டார்ச் வகைக் கெட்டிப் பவுடரோடு கலந்தால் கலவை தண்ணீராகிவிடும். கெட்டியாக்கிக் கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உள்ளே போவது வெறும் தண்ணீர். உங்கள் வீட்டில் இந்த இரண்டும் இருந்தால் இன்றைக்கே மருந்தாளரைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, தண்ணீரே வேண்டாம் என்கிறாரே, அதற்கு. சில மறுவாழ்வு மையங்களில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டோடு கெட்டியானது மட்டும். சாப்பிட்டு முடித்து, வாயை நன்றாகச் சுத்தம் செய்து, அரை மணி நேரம் கழித்து, நிமிர்ந்து உட்கார வைத்து, வெறும் தண்ணீரைச் சின்னச் சின்ன வாயாகக் கொடுப்பார்கள். சுத்தமான வாயிலிருந்து இறங்குகிற சுத்தமான தண்ணீரை நுரையீரல் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது அதன் கணக்கு. எல்லோருக்கும் ஏற்றதல்ல. நடமாட்டம் உள்ளவர், நினைவு தெளிவாக இருப்பவர், இருமல் பலமாக இருப்பவர், நுரையீரல் நோய் இல்லாதவர் என்று பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். ஆகவே நீங்களாகவே தொடங்க வேண்டாம், அதே நேரம் கேட்காமலும் விடவேண்டாம். விழுங்குதல் சிகிச்சையாளரிடம் போகும்போது, அம்மா ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு திரவம் குடிக்கிறார், சிறுநீர் எப்படிப் போகிறது, இந்த ஆண்டு நெஞ்சுச் சளி, காய்ச்சல் எத்தனை முறை வந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். சிகிச்சையாளர் முடிவெடுக்க அந்த வீடியோ அளவுக்கு இதுவும் உதவும்.

சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.