கழுத்தில் கட்டும் நெறி

(இரணியலில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

அவையோருக்கு வணக்கம். இன்று நான் பேசப்போவது ஹெச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸால் வரும் தொண்டைப் புற்றைப் பற்றி.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நெய்யூர். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய ஐ.எம். ஓர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். கன்னத்திலும் ஈறிலும் வரும் புற்றுக்கு நம் ஊரில் இன்றும் முதல் குற்றவாளிகள் புகையிலையும் பாக்கும்தான். வைரஸ் என்ற புதுப்பெயரைக் கேட்டதும் யாரும் வெற்றிலைச் செல்லத்தை நிம்மதியாகத் திறந்துவிட வேண்டாம்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பின்னால் இருக்கும் இடம்: டான்சில், அடிநாக்கு. டான்சிலின் மேல் வெட்டுக்கல்லில் இருப்பது போலப் பொந்துகள் உண்டு. ஹெச்.பி.வி. பதுங்குவது அங்கே. கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் அதே 16-ஆம் வகைதான் இங்கேயும் பெரும்பாலும் காரணம். பழுதான செல்லைப் பெருகவிடாமல் தடுக்கும் இரண்டு காவல் புரதங்களை அது முடக்கிவிடுகிறது.

தொண்டைக்கு எப்படி வருகிறது? பெரும்பாலும் வாய்வழி உடலுறவால். முன்வரிசையில் சிலர் குனிந்துகொண்டீர்கள், எனக்கும் கூச்சம்தான். பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் உடலே அதைத் துரத்திவிடும். தங்கிவிட்டால் புற்றாக மாறப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆகவே ‘யாரிடமிருந்து?’ என்று வீட்டில் பஞ்சாயத்து வைப்பதில் பொருளில்லை.

வெற்றிலையைத் தொட்டே அறியாத ஒருவர் என்னிடம் வந்தார். சவரம் செய்யும்போது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று உப்பு ஒத்தடம் கொடுத்தே நான்கு மாதங்களைக் கடத்திவிட்டார். பல்வலியிலோ புண்ணிலோ கட்டும் நெறி வலிக்கும். சில நாளில் வடியும். இவருக்கு வலியே இல்லை; தொண்டையில் இந்த வைரஸால் வந்த புற்று கழுத்து நெறிக்குப் பரவியிருந்தது. மூன்று வாரம் தாண்டியும் வடியாத கட்டியென்றால் தொண்டையைக் காட்டிவிடுங்கள்.

தடுப்பூசி இருக்கிறது. 2023 முதல் இந்தியத் தயாரிப்பும் கிடைக்கிறது. ஒன்பது வயதிலிருந்து போடலாம், பையன்களுக்கும்தான். ஏற்கெனவே புகுந்த வைரஸை அது விரட்டாது.

புகையிலையால் வரும் தொண்டைப் புற்றைவிட இந்த வகை சிகிச்சைக்கு நன்றாகவே இணங்கும். அந்த மனிதர் கதிர்வீச்சு முடிந்து ஓராண்டு கழித்து வந்தார். காரம் குறைத்து வைத்தால் மீன் புளிமுளம் சாப்பிட முடிகிறதாம். உமிழ்நீர் இன்னும் சரியாக ஊறவில்லை; ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டியிருக்கிறது.